தொலைபேசியும் மின்வெட்டும்: பிரிட்டனின் இணையவழித் தொலைபேசி மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

2022 மார்ச் இறுதியில், பிரிட்டனின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான பி.டி., வீடுகளின் தரைவழித் தொலைபேசிகளை இணையவழிக்கு மாற்றும் பணியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 'டிஜிட்டல் வாய்ஸ்' என்ற பெயரில் வழங்கப்பட்ட அந்தச் சேவையின் குரல் தரமோ கட்டணமோ இந்த நிறுத்தத்திற்குக் காரணமல்ல. நான்கு மாதங்களுக்கு முன், 2021 நவம்பர் 26 அன்று வீசத் தொடங்கிய ஆர்வென் புயலில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மரங்கள் மின்கம்பிகள்மீது சாய்ந்து, பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் மின்சாரத்தை இழந்தன; அவற்றுள் ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரம் கடந்தும் மின்சாரம் திரும்பவில்லை. இணையவழித் தொலைபேசிக்கு மாறியிருந்த வீடுகளில் விளக்கு அணைந்தபோதே தொலைபேசியும் அடங்கிப்போனது. இந்த மாற்றம் சிலருக்கு எவ்வளவு இடையூறாக அமையும் என்பதைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இணையவழித் தொலைபேசி ஒரு வீட்டுக்குப் பொருந்துமா என்று ஆராய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தனிமனிதர் விரும்பி வாங்கும் சேவையாக இருந்தவரை அதன் குறைகள் வாங்கியவரோடு நின்றன. ஒரு நாடே மாறியாக வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான், பழைய தொலைபேசியை நம்பி எவையெல்லாம் ஓசையில்லாமல் இயங்கிக்கொண்டிருந்தன என்பது வெளியே தெரிந்தது. செப்புக் கம்பி வழித் தொலைபேசி வலையமைப்பை 2025க்குள் மூடிவிடுவதாக பி.டி. 2017இல் அறிவித்தது. அந்தக் கெடு 2024 மே மாதத்தில் 2027 ஜனவரி 31க்குத் தள்ளிவைக்கப்பட்டது. மூடுவதற்கான காரணம் நியாயமானதே. தொலைபேசி நிலையங்களில் உள்ள சிஸ்டம் எக்ஸ், ஏ.எக்ஸ்.இ.10 ஆகிய இணைப்பகங்கள் 1980களின் தயாரிப்புகள். அவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கடினமாகிவிட்டது, பழுது பார்க்கத் தெரிந்த பொறியாளர்களும் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பில்லில் இல்லாத சேவை

பழைய தொலைபேசி இணைப்பு இரண்டு வேலைகளைச் செய்தது. ஒன்று, குரலைக் கொண்டுசென்றது. மற்றொன்று, தொலைபேசிக் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே இரட்டைக் கம்பியில் அனுப்பியது. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக அடுக்கப்பட்ட மின்கலங்கள் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தைக் கம்பியில் செலுத்திக்கொண்டே இருக்கும். ஊரில் மின்சாரம் நின்றால் மின்கலங்கள் தாங்கும், அவை தீர்வதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். ஊரே இருண்டு கிடக்கும் நேரத்திலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது இதனால்தான். இந்த இரண்டாவது சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரியும் இல்லை. பில்லில் இடம்பெறாத ஒன்றை மாற்றுத் திட்டம் தீட்டியவர்கள் கணக்கில் எடுக்கத் தவறியதுதான் பிரிட்டனில் நடந்த குழப்பத்தின் வேர் என்பது என் கணிப்பு.

புதிய தொலைபேசி வரும் ஒளியிழைக்கு, அதாவது ஃபைபருக்கு, இந்த இரண்டாவது வேலை வராது. கண்ணாடி இழையில் ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. ஆகவே வீட்டுக்குள் இருக்கும் ரௌட்டர் முதலான பெட்டிக்கு மின்சாரம் தரும் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து வீட்டுக்காரரிடம் வந்துசேர்கிறது. பெரும்பாலான வீடுகளில் இந்தக் கைமாற்றம் நடந்ததே தெரியாமல் நடந்துமுடிகிறது.

நேர்மைக்காக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செப்புக் கம்பிக் காலத்திலும் கார்ட்லெஸ் போன் மட்டுமே வைத்திருந்த வீடுகளில் மின்சாரம் போனால் அந்தப் போன் வேலை செய்யாது, ஏனெனில் அதன் தளக்கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். சுருள் ஒயர் கொண்ட பழைய கருவி ஒன்றாவது இருந்த வீடுகளுக்குத்தான் முழுப் பாதுகாப்பும் இருந்தது. இழப்பைக் கணக்கிடுகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

குரல் எப்படிப் போகிறது

இணையவழித் தொலைபேசியில் பேசும்போது வீட்டுப் பெட்டி நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. பரவலாகப் பயன்படும் ஜி.711 முறையில் 20 மில்லிநொடிப் பேச்சு 160 பைட் அளவுள்ள ஒரு துண்டாகிறது; அதன்மேல் முகவரி முதலான 40 பைட் தலைப்பு சேர்ந்து பாக்கெட்டாகப் புறப்படுகிறது. இப்படி நொடிக்கு ஐம்பது பாக்கெட்டுகள் ஒவ்வொரு திசையிலும் போகின்றன. கணக்குப் போட்டால் நொடிக்கு 80 கிலோபிட் வருகிறது. 100 மெகாபிட் இணைப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே 'என் இணையம் இதற்குப் போதுமான வேகம் கொண்டதா' என்ற கேள்வி, விற்பனையாளர்கள் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வியாக இருந்தாலும், பெரும்பாலும் தேவையற்றது.

தேவையான கேள்வி சீர்மையைப் பற்றியது. பாக்கெட்டுகள் ஒரே இடைவெளியில் வந்துசேர வேண்டும். வாயிலிருந்து காதுக்குப் போய்ச்சேரும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் மோதிக்கொள்வார்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் மனிதக் காது அதைக் கவனிப்பதில்லை, கருவியும் முந்தைய ஒலியைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஃபைபர் நிறுவனமே இணையத்தையும் தொலைபேசியையும் சேர்த்துத் தரும்போது குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்புவது வழக்கம், எனவே தரம் நன்றாகவே இருக்கிறது. யாரோ ஒருவரின் இணையத்தின்மேல் வேறொரு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையை ஓட்டும்போது அந்த உறுதி இல்லை. இரண்டையும் 'இணையத் தொலைபேசி' என்ற ஒரே பெயரில் அழைப்பதால் ஒன்றின் குறையை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பேசும் பழக்கம் வந்துவிட்டது.

கழுத்தில் தொங்கும் பொத்தான்

தொலைந்த பாக்கெட்டை மனிதக் காது மன்னிக்கும்; இயந்திரம் மன்னிக்காது. பிரிட்டனில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் டெலிகேர் எனப்படும் அவசர அழைப்புக் கருவியை நம்பி வாழ்கிறார்கள். தனியாக வசிக்கும் முதியவர் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார். குளியலறையில் விழுந்தால் அதை அழுத்துவார். கூடத்தில் தொலைபேசியோடு இணைக்கப்பட்ட பெட்டி தானாகவே கண்காணிப்பு மையத்தின் எண்ணைச் சுழற்றி, மையத்துக் கருவியோடு குறிப்பிட்ட ஒலிக்குறிகளைப் பரிமாறித் தன்னை அடையாளம் காட்டிக்கொண்ட பிறகே, மறுமுனையில் ஓர் ஆள் பேசுவார். செப்புக் கம்பிக்காக வடிவமைக்கப்பட்ட பழைய கருவிகள் அந்த ஒலிக்குறிகளின் நீளத்தையும் இடைவெளியையும் துல்லியமாக எதிர்பார்க்கின்றன. இணையவழியில் குறி சற்றே சிதைந்தாலோ தாமதமானாலோ, கருவி மறுமுனையை அடையாளம் காண முடியாமல் இணைப்பைத் துண்டித்து மீண்டும் எண்ணைச் சுழற்றும். சில வேளைகளில் அந்த அழைப்பு போய்ச்சேராமலே போகும்.

மின்சாரச் சிக்கலும் இங்கேதான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. டெலிகேர் பெட்டிக்குள் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும் மின்கலம் உண்டு. பழைய ஏற்பாட்டில் பெட்டிக்குத் தன் மின்கலமும், கம்பிக்குத் தொலைபேசி நிலையத்தின் மின்கலமும் இருந்ததால், மின்வெட்டில் விழுந்த முதியவரும் உதவி கேட்க முடிந்தது. புதிய ஏற்பாட்டில் பெட்டி உயிரோடு இருக்கும், ஆனால் அதை வெளியுலகோடு இணைக்கும் ரௌட்டர் முதல் நொடியிலேயே அணைந்துவிட்டிருக்கும். பொத்தானில் விளக்கு எரியும், அழைப்பு மட்டும் போகாது.

இது ஏட்டளவிலான அச்சமாக நிற்கவில்லை. மாற்றப்பட்ட வீடுகளில் டெலிகேர் கருவிகள் செயலிழந்த கடுமையான நிகழ்வுகள் தெரியவந்ததையடுத்து, 2023 டிசம்பரில் பிரிட்டன் அரசு தொலைபேசி நிறுவனங்களை அழைத்து ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வைத்தது. மாற்றிய பிறகும் டெலிகேர் கருவி வேலை செய்யும் என்று வாடிக்கையாளரோ, நிறுவனமோ, கருவி வழங்கியவரோ உறுதி செய்யாமல் எந்த டெலிகேர் பயனாளியையும் இணையவழிக்கு மாற்றுவதில்லை என்பது அதன் சாரம். நிறுவனங்களுக்கு அப்போது எழுந்த பெருஞ்சிக்கல் வியப்பானது: தங்கள் வாடிக்கையாளர்களில் யாரிடம் டெலிகேர் இருக்கிறது என்பது அவர்களுக்கே முழுமையாகத் தெரியாது. கருவியை வழங்கியது உள்ளாட்சி மன்றமாகவோ வீட்டுவசதிச் சங்கமாகவோ இருக்கும். தொலைபேசி நிறுவனத்தின் பார்வையில் அது மற்றுமொரு சாதாரண இணைப்பு. வீட்டுத் திருட்டு எச்சரிக்கைக் கருவிகள், மின்தூக்கிக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசிகள், பழைய கார்டு இயந்திரங்கள், ஃபேக்ஸ் ஆகியவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே.

ஒரு மணி நேரம்

பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இலேயே இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைப்பதற்கு ஏதேனும் ஒரு வழி இருக்க வேண்டும், தரைவழித் தொலைபேசியைத் தவிர வேறு வழியற்றவர்களுக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்றது அது. நகரத்தின் சராசரி மின்தடைக்கு ஒரு மணி நேரம் போதும். ஆர்வென் புயலில் ஒரு வாரம் இருட்டில் கிடந்த வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பண்ணை வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? மொபைல் இருக்கிறதே என்ற பதிலும் முழுப் பதிலாகாது. மலைப் பள்ளத்தாக்குகளில் சிக்னலே கிடையாது. கிடைக்கும் இடங்களிலும் நீண்ட மின்தடையில் மொபைல் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்கலப் பெட்டி, மின்சாரம் நின்றால் மொபைல் வலையமைப்புக்குத் தாவும் கலப்புத் தொலைபேசி என்று பரிகாரங்களைத் தேடிவைத்துக்கொண்டு, 2023 கோடையில் வட்டாரம் வட்டாரமாக பி.டி. பணியை மீண்டும் தொடங்கியது.

முகவரி தெரியாத அழைப்பு

மின்சாரத்துக்கு அடுத்த குறை, அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது. இதைக் கற்றுக்கொடுத்த நிகழ்வுகள் பிரிட்டனுக்கு முந்தியவை, கடல் கடந்தவை. 2005 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டில் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் பெற்றோரைச் சுட்டபோது, 17 வயது மகள் வானேஜ் நிறுவனத்தின் இணையத் தொலைபேசியில் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார்; அந்த எண்ணை இந்தத் தொலைபேசியிலிருந்து அழைக்க முடியாது என்று பதிவுசெய்த குரல் ஒன்று பதில் சொன்னது. அவசர அழைப்பு வசதியை வாடிக்கையாளர் தனியே பதிந்து இயக்கிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. டெக்சஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம், வழக்கமான எண்களோடு இணைந்த இணையத் தொலைபேசிச் சேவைகள் அனைத்தும் அவசர அழைப்பை இடவிவரத்தோடு கொண்டுசேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது.

2008 ஏப்ரலில் கனடாவின் கால்கரி நகரில் நடந்தது இன்னும் கொடியது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடல்நிலை மோசமாகி வீட்டார் 911ஐ அழைத்தபோது, ஆம்புலன்ஸ் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தொலைவில் மிசிசாகாவில் இருந்த அவர்களின் பழைய வீட்டுக்குப் போனது. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த முகவரிதான் இருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. செப்புக் கம்பி ஒரு சுவரில் முடிவதால் எண்ணும் முகவரியும் பிரிக்க முடியாதவையாக இருந்தன; பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற வசதி, அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டது. ஃபைபர் பெட்டியில் நிலையாக இணைந்த தொலைபேசிக்கு இந்த ஆபத்து குறைவு. செயலி வழியாகவோ இடம் மாற்றத்தக்க சிறு அடாப்டர் வழியாகவோ இயங்கும் எண்ணை வைத்திருப்பவர், வீடு மாறிய அன்றே முகவரியைத் திருத்திவிட வேண்டும்.

எந்த வீட்டுக்குப் பொருந்தும்

நகரத்தில் ஃபைபர் இணைப்பும், வீட்டில் இரண்டு மூன்று மொபைல்களும், நல்ல சிக்னலும் உள்ள குடும்பத்துக்கு இதில் தயங்க ஒன்றும் இல்லை. குரல் பழையதைவிடத் தெளிவாக இருக்கலாம், மழைக்காலக் கரகரப்பு இருக்காது. ஒரு காலத்தில் இச்சேவையின் முதல் கவர்ச்சி மலிவான வெளிநாட்டு அழைப்பாக இருந்தது. லண்டனின் ஈஸ்ட்ஹாம் கடைகளில் போன் கார்டு வாங்கிச் சுரண்டி யாழ்ப்பாணத்துக்குப் பேசிய தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தக் காரணத்துக்காக யாரும் இதை வாங்கத் தேவையில்லை.

சிக்னல் இல்லாத இடத்தில் தனியே வாழும் முதியவர், உயிர்காக்கும் கருவியைத் தொலைபேசியோடு இணைத்திருப்பவர், அடிக்கடி நீண்ட மின்வெட்டு வரும் ஊரில் இருப்பவர் ஆகியோருக்கு, மின்கலமும் மாற்றுவழியும் உறுதியாகும்வரை இது பொருந்தாது என்றே நான் சொல்வேன். இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை நினைத்துப் பார்த்தால், ஒரு மணி நேர மின்கலம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

மின்கலத்தின் கணக்கை வீட்டிலேயே போடலாம். ஃபைபர் பெட்டி 8 வாட் இழுப்பதாகக் கொண்டால், 37 வாட்-மணி கொள்ளளவுள்ள மினி யூ.பி.எஸ். இழப்புப் போக ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். வாங்கும்போது பெட்டியின் அடாப்டரில் அச்சிடப்பட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் யூ.பி.எஸ். பொருத்தினால் பெட்டி அடிக்கடி அணைந்து எரியும். தொலைபேசியைச் செருகும் துளை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிரிட்டனில் ஃபைபர் சுவரில் ஒரு பெட்டியில் முடிகிறது, தொலைபேசித் துளை தனியாக உள்ள ரௌட்டரின் பின்புறம் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். நம்மூரில் பல இணைப்புகளில் ஓ.என்.டி. என்னும் ஒரே பெட்டியில் எல்லாம் அடங்கிவிடுவதால் ஒரு யூ.பி.எஸ். போதும்.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் பெரும்பாலும் கெடுவைத்த அறிவிப்பாக வீட்டுக்கு வருவதில்லை. செப்புக் கம்பி பழுதாகும், புகார் கொடுத்தால் சரிசெய்ய நாளாகும், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்களேன் என்று லைன்மேனே சொல்வார். முடிவு அப்படித்தான் எடுக்கப்படுகிறது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மின்சாரக் கவலை பாதி தீர்ந்துவிடுகிறது, பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்தனுப்பும் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது ஃபைபரின் நல்ல அம்சம். ஆனால் மறுமுனைக் கருவியான ஓ.எல்.டி. உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் அறையில் இருக்குமானால், அங்கே எத்தனை மணி நேரத்துக்கு மின்கலம் இருக்கிறது என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. நம் வீட்டு யூ.பி.எஸ். எத்தனை பெரிதானாலும் அவருடையது தீர்ந்தால் தொலைபேசி நின்றுவிடும்.

எண்ணையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் மொபைல் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. முப்பது ஆண்டுகளாக உறவினரும் வங்கியும் அறிந்த எண்ணைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறும்போதே பழைய எண்ணைத் தக்கவைக்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். பிரிட்டனில் நிறுவனம் மாறினாலும் எண்ணைக் கொண்டுபோகலாம், ஆனால் பழைய இணைப்பை முதலில் ரத்து செய்துவிட்டால் எண் கைநழுவிவிடக்கூடும். புதிய நிறுவனமே பழையதிடமிருந்து எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும்.

இணைப்பைப் பொருத்திவிட்டு டெக்னீஷியன் கிளம்புவதற்குள், அவர் எதிரிலேயே வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிச் சோதித்துவிட வேண்டும். ரிசீவரை எடுத்து டயல் டோன் கேட்டதோடு திருப்திப்படக் கூடாது, ஏனெனில் அந்த ஒலியை வீட்டுப் பெட்டியே உண்டாக்கித் தருகிறது. மொபைலிலிருந்து வீட்டு எண்ணை அழைத்து மணி அடிக்கிறதா, எடுத்தால் இரு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். டெலிகேர் வைத்திருப்பவர் பொத்தானையும் அப்போதே அழுத்தி, கண்காணிப்பு மையத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுத்தான் டெக்னீஷியன் நீட்டும் தாளில் கையெழுத்திட வேண்டும்.